காலண்டரில் கிரகணம் எங்கே விழுந்தது

2025 செப்டம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை இரவு முழுச் சந்திர கிரகணம். அதற்கு முந்தைய ஒரு வாரமும் எங்கள் ஸ்கேன் சென்டரின் போன் ஓயவில்லை. ஸ்கேன் தேதியைத் தள்ளிப் போடலாமா, அன்றைக்கு மாத்திரை போடலாமா, துணி தைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பெண் மட்டும் குரலைத் தாழ்த்தி, “ராத்திரி பாத்ரூம் போகலாமா மேடம்?” என்றாள். எட்டாம் மாதம். கிரகணம் பத்து மணிக்குப் பிடித்து ஒன்றரை மணி வரை இருக்கும் என்று டிவியில் சொல்லியிருக்கிறார்கள். எட்டாம் மாத வயிற்றோடு மூன்றரை மணி நேரம் அடக்கிக்கொண்டு கிடக்க முடியுமா? பாத்ரூம் வாசலில் நிலா தெரியுமாம். போம்மா, ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எனக்கு இரண்டு குடும்பங்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒன்று 2020-இல், ஒன்று 2023-இல். இரண்டுக்கும் நடுவில் என் வேலையைப் பற்றி நான் நினைத்திருந்தது மாறிப்போனது. அதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

நான் மதுரையில் கரு மருத்துவப் பிரிவு ஒன்றில் ஆலோசகர். அஞ்சாம் மாத ஸ்கேனில் டாக்டர் ஏதாவது கண்டுபிடித்தால், அவர் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு குடும்பம் என் அறைக்கு வரும். நாலு நாற்காலி போட்டிருக்கிறோம், ஒருநாளும் போதாது. பெண், கணவர், இரண்டு பக்கத்து அம்மாக்கள், சில சமயம் காரோட்டி வந்த சித்தப்பா வரை உள்ளே வந்துவிடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் “சரியாகுமா?” என்பதுதான். அதற்குப் பதில் சொல்லத்தான் என்னைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். “ஏன்?” என்பது கடைசிக் கேள்வி. அது எல்லோரும் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு கை கதவில் இருக்கும்போதுதான் வரும். அதுவும் பெரும்பாலும் கேள்வியாக வராது. செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்வது போல வரும்.

தீபாவளி கழிந்து இரண்டு மூன்று வாரம்

2020 ஜனவரி 30. நத்தம் பக்கத்துப் பெண், முதல் குழந்தை, சரியாக இருபது வாரம். குழந்தை முதுகைக் காட்டிப் படுத்திருந்ததால் முகம் கிடைக்கவில்லை. நடந்துவிட்டு ஜூஸ் குடித்துவிட்டு வாருங்கள் என்று இரண்டு முறை அனுப்பி, மூன்றாம் முறைதான் கிடைத்தது. இடது பக்கம் உதட்டுப் பிளவு. இதயம், மூளை, முதுகுத்தண்டு, கை கால் எல்லாம் நன்றாக இருந்தன. அறைக்கு வந்தபின் கணவர்தான் பேசினார். எப்போது ஆபரேஷன், எவ்வளவு செலவு என்று கேட்டார். மூன்று மாதம் போல ஆகி, எடை ஐந்து கிலோவை நெருங்கி, ரத்தம் பத்து கிராம் இருந்தால் உதட்டைத் தைக்கலாம், வாயின் மேற்கூரையான அண்ணத்திலும் பிளவு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு வயதையொட்டி இன்னொரு ஆபரேஷன் என்று சொன்னேன். ஸ்மைல் ட்ரெயின் என்கிற தொண்டு நிறுவனத்தின் உதவியில் இலவசமாகச் செய்கிற மருத்துவமனைகள் இருப்பதையும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானை நுனியைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

எழுந்து போகும்போது சொன்னாள். “கிரகணத்தன்னிக்கு நான் வெங்காயம் அரிஞ்சேன் மேடம்.”

2019 டிசம்பர் 26 வியாழக்கிழமை. வளைய சூரிய கிரகணம். கோவை, திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையமாகத் தெரிந்ததே, அந்தக் கிரகணம். காலை எட்டு மணி சுமாருக்குப் பிடித்துவிட்டது. கணவர் வேலைக்குக் கிளம்ப வேண்டும், சாப்பாடு கட்ட வேண்டும் என்று அவசரத்தில் அரிவாள்மணையை எடுத்திருக்கிறாள். பாதி வெங்காயத்தில் மாமியார் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டிருக்கிறார். ஒரு மாதமாக அந்தப் பாதி வெங்காயத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். இப்போது ஸ்கேனில் உதட்டில் ஒரு வெட்டு. அவளுக்கு வேறு யாரும் எதுவும் சொல்லத் தேவையே இருக்கவில்லை.

சுவரில் ஒரு ஜவுளிக்கடைக் காலண்டர் தொங்கியது. வாரம் எண்ண அதைத்தான் பயன்படுத்துவேன். ஆனால் அது புது வருடத்துக் காலண்டர். பழையதை அலமாரித் தட்டில் விரித்து, மேலே பைல்களை அடுக்கியிருந்தார்கள். பைல்களை இறக்கி அதை உருவி எடுத்தேன். கடைசியாகக் குளித்த தேதி, அதாவது கடைசி மாதவிலக்கு, செப்டம்பர் 12. மேஜையில் தாள்களை விரித்து, அவளுடைய விரலைப் பிடித்தே எண்ண வைத்தேன். குழந்தையின் மேலுதடு ஒரே துண்டாக முளைப்பதில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கரு உண்டாகி ஐந்தாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடும். அண்ணம் மூட இன்னும் சில வாரம். அப்படி எண்ணிக்கொண்டு போனால் தீபாவளி அக்டோபர் 27. அது கழிந்து இரண்டு மூன்று வாரத்திலேயே உதட்டில் ஒட்ட வேண்டியது ஒட்டியிருக்கும். அண்ணத்தின் வேலையும் கார்த்திகை தீபம் ஏற்றுவதற்குள் முடிந்திருக்கும். “நீ வெங்காயம் அரிஞ்சது எப்போ? மார்கழி பத்து. அன்னைக்கு உதடு உருவாகி முடிஞ்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா” என்றேன்.

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி ஒருமுறை தனியாக எண்ணினாள். பிறகு, “இந்தத் தாளை நான் எடுத்துக்கவா?” என்று கேட்டாள். நவம்பரையும் டிசம்பரையும் கிழித்து மடித்து ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டாள். வீட்டில் காட்டத்தான். பையன் அந்த ஜூன் மாதம் பிறந்தான். கொரோனா காலம், ஆபரேஷன் தள்ளிப்போய் எட்டாம் மாதத்தில் நடந்தது. தைத்த உதட்டோடு சிரிக்கிற படம் ஒன்று எனக்கு வந்தது.

அந்தக் காலண்டர் யோசனையைப் பெரிய விஷயமாக நினைத்துக்கொண்டேன். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். நம்பிக்கையோடு சண்டை போடாதே, நாளை எண்ணிக் காட்டு, குற்ற உணர்ச்சி தானாக விழுந்துவிடும் என்பேன். வருடம் முடிந்ததும் பழைய காலண்டரைத் தூக்கிப் போடாமல் மேஜை டிராயரில் வைக்க ஆரம்பித்தேன்.

அக்டோபர் 25

2023 பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாள். சாத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி ஏழு மாதம். கணவர் தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்குப் பொறுப்பு. கூட வந்தது மாமியார் மட்டும். இருபது வாரம், உதட்டுப் பிளவு, அண்ணத்திலும் இருக்கலாம் என்று டாக்டருக்குச் சந்தேகம். இந்த ஸ்கேனில் அண்ணம் எப்போதும் தெளிவாகத் தெரிந்துவிடாது. வேறு குறைகளோடு சேர்ந்து வருகிற பிளவும் உண்டு என்பதால் பனிக்குட நீர்ப் பரிசோதனை பற்றியும் சொல்லி அனுப்பியிருந்தார்.

கணவர் கேட்ட முதல் கேள்வி வேறு. “கலைச்சிரலாமா மேடம்?” கேட்டதற்காக அவரைத் தப்பாக நினைக்கவில்லை. பயந்தவர்கள் எல்லோரும் கேட்பதுதான். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு டாக்டர், 24 வாரம் வரை சில காரணங்களுக்கு இரண்டு டாக்டர், அதற்கு மேல் கடுமையான குறை என்றால் மருத்துவக் குழு என்று சட்டம் இருக்கிறது. கேட்பவரிடம் அதை மறைப்பது எனக்குச் சரியில்லை. ஆனால் என்ன என்று தெரிவதற்கு முன்னால் அந்தக் கதவருகே போய் நிற்பதும் சரியில்லை. முதலில் பிளவு என்றால் என்ன, இந்தக் குழந்தை எப்படிப் பால் குடிக்கும், எப்படி வளரும் என்பதைக் கேளுங்கள், பிறகு எதுவானாலும் பேசலாம் என்றேன். அவர் தலையசைத்தார். மாமியார் அப்போதுதான் வாய் திறந்தார்.

“நேரத்தோட அனுப்பி வச்சிருந்தா இது வந்திருக்காது.”

எனக்குப் புரியவில்லை. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தலை தீபாவளிக்குக் கயத்தாறில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். 2022-இல் தீபாவளி அக்டோபர் 24. மறுநாள் சாயங்காலம் சூரிய கிரகணம், கோயில்களில் நடை சாத்திவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வந்துவிடுங்கள் என்று மாமியார் போனில் மூன்று முறை சொல்லியிருக்கிறார். பெண் வீட்டில் கறிச்சோறு ஆக்கிப் போட்டு அனுப்ப நாலு மணியாகிவிட்டது. பஸ்ஸில் இடது பக்கம் ஜன்னல் சீட், மேற்கே பார்த்த ஜன்னல். ஐந்தேகால் சுமாருக்குப் பிடித்து, சூரியன் அடைகிற வரைக்கும் இருந்தது கிரகணம். துப்பட்டாவால் வயிற்றை மூடிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள். ஆனால் பார்த்துவிட்டாள். ஓரத்தில் சின்னதாகக் கடித்த மாதிரி இருந்ததாம். அந்தக் ‘கடித்த மாதிரி’ என்ற சொல்லை அவள் சொன்னபோது அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எனக்குத் தெரியும், டிராயரில் காலண்டர் இருக்கிறது. கை தானாகப் போய் எடுத்து விரித்தது. கடைசியாகக் குளித்தது ஆகஸ்ட் 30. அப்படியானால் கரு உண்டானது செப்டம்பர் நடுவில். ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். அக்டோபர் 25 அன்று ஆறு வாரம் முடிந்திருந்தது. உதடு ஒட்டுகிற நாட்கள். ஒட்டுகிற நாட்களுக்கு நட்ட நடுவே.

காலண்டரை மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன எண்ணினேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் ஏதோ சொல்லப்போய்ச் சொல்லாமல் விட்டேன் என்பது தெரிந்துவிட்டது. அந்த அரை நிமிடம்தான் என்னை இத்தனை நாளாக உறுத்துகிறது. நத்தத்துப் பெண்ணுக்கு நான் கொடுத்தது விடுதலை இல்லை. அன்றைக்கு நீ அங்கே இல்லை என்கிற சாட்சியம் மட்டும்தான். கிரகணம் குற்றம் சாட்டலாம், தேதி பொருந்தாததால் நீ தப்பித்தாய் என்றுதான் அதற்கு அர்த்தம். அவள் மடித்து எடுத்துப் போன தாளில் இருந்தது அதுதான். தேதி பொருந்துகிற பெண்ணுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

தெரியாது என்று சொல்வது

கிரகணம் பொய் என்று நிரூபிக்க எத்தனையோ இருக்கின்றன. உலகம் முழுக்கச் சுமார் 700 பிறப்பில் ஒன்றுக்கு இந்தப் பிளவு வருகிறது, கிரகணம் தெரிந்த ஊரிலும் தெரியாத ஊரிலும். மெக்சிகோவிலும் இதே பயம் உண்டு, அங்கே கர்ப்பிணிகள் கிரகணத்தன்று உள்ளாடையில் ஊக்கு குத்திக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் கர்ப்பிணிகள் பஸ்ஸில் போயிருப்பார்கள். எல்லாம் உண்மை. அதையெல்லாம் அன்றைக்கும் சொன்னேன். கணவர் ஒப்புக்கொண்டார், பெண் தலையாட்டினாள். ஆனால் ஒன்றும் நகரவில்லை. காரணம் எனக்கு அப்போதே தெரிந்தது. இது இல்லை என்கிறேனே தவிர, இது என்று ஒன்றைச் சொல்லவில்லை. சில வலிப்பு மாத்திரைகள், புகை, கட்டுப்படாத சர்க்கரை, குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பது என்று தெரிந்த காரணங்கள் சில உண்டு. அவளுக்கு அவை எதுவும் இல்லை. பெரும்பாலான பிளவுகளுக்கு, இந்தக் குழந்தைக்கு ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் கிரகணம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விஞ்ஞானத்தை வைத்தும் ஒருத்தி தன்னைக் குற்றம் சாட்டிக்கொள்ள முடியும். முதுகுத்தண்டுப் பிளவு கண்டுபிடித்த பெண்கள் போலிக் ஆசிட் மாத்திரையைப் பிடித்துக்கொள்வார்கள். “ஒழுங்காப் போடலை மேடம், குமட்டுச்சு” என்பார்கள். அந்த மாத்திரை உண்மையிலேயே ஆபத்தைக் குறைக்கிறது, அதனால் அதற்குக் காலண்டர் வைத்து வாதாட முடியாது. ஆனால் தண்டு மூடுவது கரு உண்டாகி 28 நாளுக்குள். நாள் தள்ளியிருப்பதே அப்போதுதான் தெரிய வரும், பல பேருக்கு அதுவும் தெரியாது. மாத்திரையை யாரும் கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் கொடுத்திருக்க மாட்டார்கள். அவள் தப்பு என்று சொல்ல அங்கே என்ன இருக்கிறது?

இப்போதெல்லாம் நான் தேதி கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, தெரிந்திருந்தால் முதலில் உன்னிடம்தான் சொல்லியிருப்பேன், நீ செய்த எதனாலும் இது வரவில்லை என்று. கதவருகே போய் நிற்கும் வரை காத்திருப்பதில்லை. அந்த ஜவுளிக்கடைக் காலண்டரையும் கழற்றிவிட்டேன். வாரம் எண்ண மேஜையில் ஒரு வட்ட அட்டை போதும், அதில் கிரகணம் அச்சடித்திருக்காது.

ஆனால் இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தச் சாத்தூர் மாமியார்தான். அவரை நான் தவறாக நினைத்திருந்தேன்.

பெண்ணை இதய ஸ்கேனுக்கு மறுபடி உள்ளே கூப்பிட்டார்கள், கணவரும் கூடப் போனார். அறையில் நானும் அந்த அம்மாவும் மட்டும். நான் பேச்சை மாற்ற, என் மேல் உதட்டில் விரல் வைத்து, மூக்குக்குக் கீழே இருக்கிற சின்னப் பள்ளத்தையும் அதன் இரண்டு கரையையும் காட்டினேன். இந்தக் கரைதான் ஒட்டுகிற இடம், எல்லார் முகத்திலும் இந்தத் தையல் இருக்கிறது என்றேன். அவர் தன் உதட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு மேஜையில் இருந்த தாளைப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று கேட்டு நான் போட்டிருந்த படம் அது. சொந்தமா என்று கேட்டதற்கு இல்லை, அசல் என்று சொல்லியிருந்தார்கள். யாருக்கும் இல்லை என்றும் சொல்லியிருந்தார்கள்.

“இது என்னம்மா கட்டமும் வட்டமுமா?”

“கட்டம் ஆம்பளை, வட்டம் பொம்பளை. இது உங்க மகன், இது மருமக, இந்த வட்டம் நீங்க.”

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். “எனக்குக் கீழ ஒண்ணு போட்டிருக்கீக. ரெண்டு போடணும்.”

மகனுக்கு அடுத்து ஒரு பெண் குழந்தை. வீட்டிலேயே பிரசவம். உதடும் உள்ளே மேலண்ணமும் பிளந்திருந்தன. மார்பில் வாய் வைக்கும், ஆனால் இழுக்கத் தெரியாது. சங்கில் புகட்டினால் பால் மூக்கு வழியாக வந்துவிடும். படுக்க வைத்துப் புகட்டியிருக்கிறார்கள். தலையை உயர்த்தி, நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கின் ஓரத்தில் விட்டு, நடுநடுவே தோளில் போட்டுத் தட்ட வேண்டும் என்று சொல்ல யாரும் இருக்கவில்லை. இன்றைக்குப் பிரசவ வார்டில் இதைச் சொல்லிக்கொடுப்பதற்குக் கால் மணி நேரம்தான் ஆகும். பதினொரு நாள் இருந்தது அந்தக் குழந்தை.

“கிரகணமெல்லாம் யாரும் சொல்லலை. எங்க மாமியா என்ன சொன்னாக தெரியுமா? பெரியவுகள எதிர்த்துப் பேசுன வாயி, அதான் சாமி பிள்ளைக்கு வாயில குடுத்திருச்சுன்னாக. அதுக்குப் பொறவு நான் அந்த வீட்டுல எதுத்துப் பேசல.”

என்ன சொல்வது என்று யோசிக்கும்போதே என் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கணவர் பக்கம் இருக்கிறது, பெண் தப்பித்தாள், கயத்தாறு அம்மாவும் தப்பித்தார் என்று. அந்தக் கணமே எனக்குப் புரிந்தது, நான் மறுபடியும் காலண்டரைத்தான் தேடுகிறேன். இதை எடுத்து வைத்தால் பழி இந்த நாற்காலியிலிருந்து அந்த நாற்காலிக்குப் போகும், அவ்வளவுதான். அதுவும் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டிருப்பவரிடமே.

“நீங்க பேசுனதாலயும் வரலைம்மா” என்றேன்.

“அப்ப எதனால?”

“தெரியலைம்மா. சில குடும்பத்துல வரும், சில குடும்பத்துல வராது. யாரும் செஞ்சு வர்றதில்ல.”

அவர் அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அவகிட்ட சொல்லிராதீக” என்றார். சொல்ல மாட்டேன், அது உங்கள் விஷயம், ஆனால் டாக்டருக்கு இது உதவும் என்றேன். தாளில் அந்த வட்டத்தைப் போடலாமா என்று கேட்டேன். போடச் சொன்னார். இறந்தவர்களுக்கு வட்டத்தின் குறுக்கே ஒரு சாய்வுக் கோடு போடுவோம். அந்தக் கோட்டை அவர் கூர்ந்து பார்த்தார். பேர் என்ன என்று கேட்டேன். பதினாறாம் நாள் வைப்பதாக இருந்ததாம்.

பெண் திரும்பி வந்தாள். இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். மாமியார் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார். எதுவும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பின்னால் நின்றார். பிறகு குனிந்து, மேஜையில் இருந்த தாளை அவள் பக்கமாகத் திருப்பி, நான் புதிதாகப் போட்ட வட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

“இந்தா பாரு. இது உன் நாத்தனா.”